மறுப்புக் கடிதம் அனுப்பும் முன்

வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பற்றிப் புனைபெயரில் எழுதி வந்தார். ஊழியர்களுக்கு வந்த சுற்றறிக்கை ஒன்றைப் படம் எடுத்து ஒரு பதிவில் சேர்த்திருந்தார். சில நாட்களில் பதிவு காணாமல் போனது. பொய் என்றோ அவதூறு என்றோ நிறுவனம் புகார் செய்யவில்லை. சுற்றறிக்கையின் பதிப்புரிமை தன்னுடையது என்று மட்டும் சொன்னது. அது போதுமானதாக இருந்தது. மறுப்புப் படிவத்தைப் பாதி நிரப்பிக்கொண்டு, கொதிப்போடு என் முன் வந்து உட்கார்ந்தார். "இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், சார்."

படிவத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் படிவம் என்ன கேட்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் நடைமுறையைத்தான் பெரிய தளங்கள் உலகம் முழுவதற்கும் பின்பற்றுகின்றன. அதன்படி, நீக்கியது தவறு என்று மறுப்பவர் தம் உண்மையான பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தர வேண்டும். நீதிமன்ற அதிகார வரம்புக்குக் கட்டுப்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். தளம் அந்தக் கடிதத்தை அப்படியே புகார் கொடுத்தவருக்கு அனுப்பும். அவர் வழக்குத் தொடுக்காவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்ப வரும். ஆனால் அதற்குள் உங்கள் விலாசம் எதிராளியின் கைக்குப் போயிருக்கும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு நெடுநாளாக ஓர் உறுத்தல். புகார் கொடுப்பவர், உரிமையாளர் சார்பில் பேசத் தமக்கு அதிகாரம் உண்டு என்பதை மட்டுமே பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறார். உரிமை மீறப்பட்டது என்பதற்கு நல்லெண்ண நம்பிக்கை இருந்தால் போதும். மறுப்பவரோ, தவறாக நீக்கப்பட்டது என்ற தம் நம்பிக்கையையே அதே தண்டனைக்கு உட்பட்டுச் சொல்ல வேண்டும். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புகைப்படக்காரர்களுக்காக நானும் பதிவை நீக்கச் சொல்லும் இத்தகைய புகார் நோட்டீஸ்கள் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் உழைப்பு திருடப்படுவது உண்மை. இந்த வழி இல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு விரைவான வழியும் கிடையாது. என் கவலையெல்லாம் புகாருக்கும் உங்கள் பெயருக்கும் நடுவில் ஒரு நீதிபதி நிற்கிறாரா என்பதுதான்.

பல நேரங்களில் நிற்பதில்லை. அதே சட்டத்தின்படி, பதிவிட்டவர் யார் என்று தளத்திடம் கேட்கும் ஆணையை அமெரிக்க நீதிமன்ற அலுவலர் ஒருவரே கையொப்பமிட்டுத் தந்துவிடலாம். நீதிபதி பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பெரும் செல்வந்தரைக் கிண்டல் செய்த பெயரில்லாத ட்விட்டர் கணக்கு ஒன்று ஆறு புகைப்படங்களை வெளியிட்டது. படங்களின் உரிமை தன்னுடையது என்று சொல்லி ஒரு நிறுவனம் இப்படி ஓர் ஆணையைப் பெற்றது. ட்விட்டர் எதிர்த்துப் போனது. 2022-இல் கலிபோர்னியாவில் உள்ள மத்திய நீதிமன்றம், படங்கள் பயன்பட்ட விதம் நியாயமானது, பெயரில்லாமல் பேசும் உரிமையையும் எடைபோட வேண்டும் என்று கூறி ஆணையை ரத்து செய்தது. தளம் எதிர்த்துப் போயிராவிட்டால் அந்தப் பெயர் என்றோ வெளியாகியிருக்கும்.

பொய்யாகப் புகார் கொடுப்பவருக்குத் தண்டனையே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, அரிதாக. வாக்குப்பதிவு இயந்திரங்கள் தயாரித்த டைபோல்ட் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களை 2003-இல் மாணவர்கள் இணையத்தில் வெளியிட்டார்கள். இயந்திரங்களின் கோளாறுகள் அவற்றில் பேசப்பட்டிருந்தன. நிறுவனம் பதிப்புரிமையைக் காட்டி நீக்கச் சொன்னது. அது தெரிந்தே செய்த தவறான கோரிக்கை என்று 2004-இல் நீதிமன்றம் முடிவு செய்தது. டைபோல்ட் 1,25,000 டாலர் கட்ட நேர்ந்தது.

பிரான்சிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. பதிப்புரிமையை மீறிப் பதிவிறக்கம் செய்பவரின் இணைய இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை ஓர் அரசு அமைப்புக்குக் கொடுத்தார்கள். 2009 ஜூனில் அந்நாட்டு அரசியல் சாசன மன்றம் அதை நீக்கியது. கருத்துச் சுதந்திரத்தைத் தொடும் தண்டனையை நீதிபதிதான் விதிக்க வேண்டும் என்றது. ஆனால் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, வைத்து ஆளை அடையாளம் காண்பதற்கு எல்லா நேரமும் முன்கூட்டி அனுமதி பெற வேண்டியதில்லை என்று, சில நிபந்தனைகளோடு, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. ஐபி முகவரி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் காட்டும்; விசையைத் தட்டிய விரல் யாருடையது என்று காட்டாது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.

புனைபெயரைக் காப்பது முக்கியம் என்றால், நோட்டீஸ் வந்தவுடன் பதில் எழுதாதீர்கள். அதில் உள்ள இணைப்பையும் திறக்காதீர்கள். பதிப்புரிமைப் புகார் போல வேடமிட்ட மோசடி மின்னஞ்சல்கள் ஏராளம். தளத்தில் உள்நுழைந்து, புகார் உண்மையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மறுக்கத்தான் வேண்டும் என்றால் வழக்கறிஞர் வழியாக அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். யூடியூப் அதை ஏற்கிறது. உங்கள் விவரங்களைக் கேட்டு ஆணை வந்திருப்பதாகத் தளம் தெரிவித்தால், அதை எதிர்க்க உங்களுக்குக் கிடைப்பது சில நாட்களே. அந்த மின்னஞ்சலை விளம்பரக் குப்பையோடு சேர்த்து அழித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. பதிப்புரிமை சொற்களுக்கும் படத்துக்கும்தான்; அவை சொல்லும் செய்திக்கு இல்லை. படத்தை எடுத்துவிட்டு, சுற்றறிக்கையில் இருந்ததை உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டார். பதிவு மறுநாளே வெளிவந்தது.

அவர் கிளம்பும் முன் பழைய படத்தை ஒருமுறை திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் கீழ் ஓரத்தில், மங்கலாக, எந்தப் பிரதி யாருக்குத் தரப்பட்டது என்பதற்கான எண் இருந்தது. அவர் அதைக் கவனித்ததே இல்லை.