எஸ் மீட்டர் ஊசியைப் பார்த்து ஆண்டெனா வாங்காதீர்கள்

"அண்ணா, நாற்பது மீட்டர்ல ஒண்ணுமே கேட்கல, நல்ல ஆண்டெனா ஒண்ணு சொல்லுங்க, காசு பரவாயில்ல." மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிப் போன் செய்கிறார்கள். (நாற்பது மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை.) பெரும்பாலும் புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கியவர்கள், அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், ஆசை ஆசையாக ரேடியோ வாங்கி மாடியில் ஒரு கம்பியையும் இழுத்துவிட்டு, ஒரு வாரம் வெறும் "ஷ்ஷ்ஷ்" சத்தத்தைக் கேட்டு மனம் நொந்தவர்கள். ஆண்டெனா கட்டிக்கொடுப்பது என் தொழில், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதும் அதில் சேர்ந்ததுதான். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: யாருமே பேசாதபோது உங்கள் எஸ் மீட்டர், அதாவது வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஊசி, எங்கே நிற்கிறது? "எஸ் 9-ல நிக்குதுண்ணா" என்பார்கள். அப்படியென்றால் ஆண்டெனா நன்றாகவே கேட்கிறது, ஆனால் அது கேட்டுக்கொண்டிருப்பது அக்கம்பக்கத்து எல்இடி பல்பையும் அடாப்டரையும் இன்வெர்ட்டரையும். அதைவிடப் பெரிய ஆண்டெனா போட்டால் அவற்றை இன்னும் நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.372 என்ற பரிந்துரையில் மனிதர்களால் உண்டாகும் ரேடியோ இரைச்சலுக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. அதன்படி 7 மெகாஹெர்ட்ஸில், இயற்கையாக எப்போதும் இருக்கும் வெப்ப இரைச்சலைவிட நகரத்தில் ஏறத்தாழ 53 டெசிபல் (பலத்தை ஒப்பிடும் அளவு, 10 கூடினால் பத்து மடங்கு), குடியிருப்புப் பகுதியில் 49, கிராமத்தில் 44, ஆள் அரவமற்ற இடத்தில் 29 டெசிபல் கூடுதலாக இரைச்சல் இருக்கும். அந்தக் கணக்குக்கு அடிப்படையான அளவீடுகளை எடுத்தது 1970களில், வீட்டுக்கு இருபது எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) வருவதற்கு முன்பு. இன்றைய ரிசீவரின் சொந்த இரைச்சல் 10 முதல் 20 டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஆக, நகரத்தில் உங்கள் ரிசீவருக்கும் வெளி இரைச்சலுக்கும் நடுவே முப்பது டெசிபலுக்கு மேல் இடம் சும்மா கிடக்கிறது. சிக்னலை 15 டெசிபல் குறைத்துக் கொடுக்கும் மட்டமான ஆண்டெனாவாக இருந்தாலும், அது இரைச்சலை 25 டெசிபல் குறைத்தால் உங்களுக்கு 10 டெசிபல் லாபம். ஊசி கீழே இறங்கியிருக்கும், பேச்சு தெளிவாகியிருக்கும். வால்யூமை ஏற்றிக்கொண்டால் போதும்.

உங்கள் ஆண்டெனாவுக்குப் போதுமான காது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆண்டெனா கேபிளைக் கழற்றுங்கள், இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள், மறுபடி மாட்டுங்கள். மாட்டும்போது இரைச்சல் 10 டெசிபலாவது ஏறினால் அந்த பேண்டில் அதற்குமேல் காது தேவையில்லை. சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் ப்ரீஆம்ப் பட்டனை அணைத்துவிடுங்கள். நாற்பது மீட்டரில் ப்ரீஆம்ப் போட்டுக் கேட்பவர்களை இன்னும் பார்க்கிறேன், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சரி, ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும். தாம்பரம் பக்கம் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் 20 மீட்டர் நீளத்தில் ஒழுங்காகக் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆண்டெனா), இரைச்சல் மட்டும் எஸ் 9-ல் அசையாமல் நின்றது. ரேடியோவை 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றிவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். ஃபேன் சுற்றி ஓய்வதற்குள் ஊசி எஸ் 6-க்கு விழுந்தது. ஒரு எஸ் யூனிட் என்பது 6 டெசிபல், அதாவது 18 டெசிபல் இரைச்சல் அவர் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுப் பார்த்தோம். ஹால் எம்சிபியைத் தூக்கியதும் பாதி திரும்பி வந்தது: ஃபால்ஸ் சீலிங்கில் ஓடும் எல்இடி பட்டையின் டிரைவர். மீதிப் பாதி வைஃபை ரூட்டரின் சின்ன அடாப்டர். அடாப்டரை ட்ரான்ஸ்ஃபார்மர் வகைக்கு மாற்றினோம், டிரைவரை வேறு வாங்கிப் போட்டோம். ஒரு மாலை வேலை. எந்த ஆண்டெனாவும் அவருக்கு அந்த 18 டெசிபலை அவ்வளவு மலிவாகக் கொடுத்திருக்காது.

எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். பேண்ட் முழுவதையும் திரையில் காட்டும் வாட்டர்ஃபாலில் குறிப்பிட்ட இடைவெளிவிட்டு மேடு மேடாக வந்து, சூடேற ஏற மெல்ல நகர்ந்தால் அது ஸ்விட்சிங் சப்ளை. பேண்ட் முழுக்கப் பரவி, 100 ஹெர்ட்ஸில் "கர்ர்ர்" என்று உறுமி, நல்ல மழைக்குப் பிறகு காணாமல் போனால் கம்பத்தில் ஏதோ தளர்ந்த இணைப்பு பொறி விடுகிறது என்று சந்தேகப்படலாம். அந்தக் கம்பத்தை நீங்கள் தொடக்கூடாது, தட்டிப் பார்க்கக்கூடாது, மின்வாரியத்தில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு இரைச்சல் என்றால் பேட்டரி ட்ரான்சிஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்து, மீடியம் வேவில் காலி இடத்தில் வைத்து நடந்துபோங்கள். கூட ஒரு நல்ல பல்பையும் எடுத்துப் போங்கள். குறை சொல்லப் போகிற முகத்தோடு போனால் கதவு திறக்காது. "பாட்டி, இந்த பல்ப நான் மாட்டித் தரேன், பழசை எனக்குக் குடுங்க" என்று கேட்டால் காப்பியும் கிடைக்கும்.

இப்போது ஆண்டெனாவையும் ரேடியோவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிள். இந்தக் கட்டுரையில் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கோஆக்ஸின் வெளிப்பின்னலுக்கு இரண்டு முகம். உள்முகத்தில் சிக்னல் வருகிறது. வெளிமுகம் ஒரு சாதாரணக் கம்பிதான், வீட்டுக்குள் ரேடியோ, கம்ப்யூட்டர், பவர் சப்ளை எல்லாவற்றோடும் அது சேர்ந்திருக்கிறது. அங்கே உள்ள இரைச்சல் அந்த வெளிமுகம் வழியாக மாடிக்கு ஏறி, ஆண்டெனா முனையில் உள்ளே நுழைந்து, சிக்னலோடு சேர்ந்து இறங்கி வருகிறது. ஆண்டெனாவை எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் இந்தப் பாதை திறந்திருக்கும் வரை வீட்டு இரைச்சல் அதோடு ஒட்டிக்கொண்டே போகும். இதை அடைக்க ஃபெரைட் சோக், அதாவது ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் கேபிளைச் சுற்றுவது. 31-ஆம் கலவையில் (ஃபெரைட் வகையின் எண்) 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள வளையத்தில் ஆர்ஜி 58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் நாற்பது மீட்டரில் சில ஆயிரம் ஓம் தடை கிடைக்கும். ஆண்டெனா முனையில் ஒன்று, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. எந்தக் கலவையில் எத்தனை சுற்று என்பதற்கு ஜி3டிஎக்ஸ்க்யூ என்ற கால்சைனில் (ஹாமின் அழைப்புக்குறி) இருந்த ஸ்டீவ் ஹன்ட் அளந்து போட்ட அட்டவணையும், கே9ஒய்சி ஜிம் பிரவுன் எழுதிய குறிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். கேபிளில் ஒரே ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டிவிட்டு "சோக் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்வதில் பயனில்லை. சுற்று இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும், ஒற்றைச் சுற்றில் எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) ஒன்றும் நடக்காது. பழைய கம்ப்யூட்டர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையம் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும், அது இரும்புத்தூள் வளையம், இதற்கு உதவாது.

இதனால்தான் ஒரு முனையில் மட்டும் கேபிள் சேரும் எண்ட் ஃபெட் கம்பியை நகரத்தில் கேட்பதற்கு நான் சிபாரிசு செய்வதில்லை. கட்டுவது சுலபம், ஒரு முனை போதும், உண்மைதான். ஆனால் கவுண்டர்பாய்ஸ் (மறுபாதியாக நிற்க வேண்டிய எதிர்க்கம்பி) சரியாக இல்லாதபோது கோஆக்ஸின் வெளிமுகமே ஆண்டெனாவின் மறுபாதியாகிவிடுகிறது. அதாவது உங்கள் ஆண்டெனாவின் ஒரு பாதி படுக்கையறை வழியாகப் போகிறது. செங்குத்தாக நிற்கும் வெர்ட்டிகல் ஆண்டெனாவுக்கு வேறு சிக்கல்: தரையை ஒட்டி வரும் அக்கம்பக்க இரைச்சல் பெரும்பாலும் செங்குத்து துருவமாக்கத்தில்தான் (மின்புலம் மேலும் கீழுமாக அசைவது) வந்து சேர்கிறது, வெர்ட்டிகல் அதை அப்படியே வாரிக்கொள்ளும். இடமிருந்தால் கிடைமட்ட டைபோலும் நல்ல சோக்கும்தான் என் முதல் தேர்வு. முடிந்தவரை கட்டடத்தின் வயரிங்கிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் ஏழு மீட்டருக்குள் எல்லாம் அண்மைப்புலம்தான் (மூலத்தை ஒட்டிய பகுதி), அந்த எல்லைக்குள் நாலைந்து மீட்டர் விலக்கினாலே இரைச்சல் சட்டென்று விழும். பால்கனி கம்பியில் கட்டியதை மாடியின் நடுவுக்குக் கொண்டுபோவதில் கிடைக்கும் பலனைப் பலர் நம்புவதில்லை, செய்து பார்த்ததும் நம்புகிறார்கள்.

இடமே இல்லையா? அப்போது சின்ன லூப். ஒரு மீட்டர் விட்டம், ஏசிக்குப் போடும் காப்பர் பைப்பில் வளைத்தது, அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். இதை எனக்குப் பிடிக்கக் காரணம் அதன் செவிட்டுத் திசை. வளையலை முகத்துக்கு நேரே பிடித்தால் அதன் ஊடாக எந்தப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கம் லூப் செவிடு. விளிம்பு காட்டும் பக்கம் நன்றாகக் கேட்கும். கிடைமட்டமாக வரும் உள்ளூர் இரைச்சல் அந்தச் செவிட்டுத் திசையில் அகப்பட்டால் 20 டெசிபலுக்கு மேல்கூட விழும். ஆனால் பகலில் நாற்பது மீட்டரில் மதுரையோ பெங்களூரோ பேசும்போது அலை அயனமண்டலத்தில் பட்டு ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து இறங்குகிறது, செங்குத்தாக நிற்கும் லூப்புக்கு உச்சிவானம் எப்போதும் விளிம்புத் திசைதான். அதனால் இரைச்சலை அடைத்தாலும் நண்பர் குரல் அப்படியே வருகிறது. இரைச்சல் நாலாபக்கமும் இருந்து வந்தால் இந்த வித்தை பலிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். லூப்புக்கு ஷீல்டு (உலோக உறை) போட்டால் இரைச்சல் மாயமாகும் என்று விற்கிறார்கள். ஷீல்டின் உபயோகம் லூப்பைச் சமநிலையில் வைப்பது, ஒழுங்காகச் சமநிலையில் கட்டிய சாதா லூப்பும் அதே வேலையைச் செய்யும்.

யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் மலிவான லூப்கள் நிறைய வருகின்றன. அவற்றை மொபைல் சார்ஜரில் செருகுகிறவர்கள் இரைச்சலைத் தங்கள் கையாலேயே ஆண்டெனாவுக்கு ஊட்டுகிறார்கள். பவர் பேங்கும் வேண்டாம், அதற்குள்ளும் ஸ்விட்சிங் சர்க்யூட்தான் இருக்கிறது. ஒரு 12 வோல்ட் பேட்டரியும், அதை 5 வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டரும் போதும்.

மினி விப் என்று கையளவு ஆண்டெனா ஒன்று உண்டு. நெதர்லாந்தில் ட்வெண்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் (இணையத்தில் யாரும் கேட்கக்கூடிய ரிசீவர்) அதை வைத்துத்தான் உலகம் முழுவதையும் கேட்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஜன்னலில் மாட்டுகிறார்கள். அங்கே அது உயரமான கட்டடத்தின் கூரை மேல் இருக்கிறது. மினி விப்புக்கு அது நிற்கும் கம்பமும் கேபிளும்தான் மறுபாதி, சுத்தமான எர்த் இல்லாமல் வீட்டுக்குள் வைத்தால் நான் மேலே சொன்ன ஆண்டெனாக்கள் எல்லாவற்றையும்விட மோசமாக இரையும்.

ஊரில் நிலம் இருப்பவர்களுக்கு மட்டும்: பெவரேஜ் ஆண்டெனாவை யோசியுங்கள். தாழ்வாக, ஒரு அலைநீளமோ அதற்கு மேலோ நேராக ஓடும் கம்பி, கடைசியில் ஒரு ரெசிஸ்டர். அனுப்புவதற்கு லாயக்கில்லாத அளவுக்குத் திறன் குறைவு, கேட்பதற்கோ அருமை. 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து அமெரிக்க அமெச்சூர்கள் அனுப்பியதைப் பிடித்தது இந்தக் கம்பியில்தான். கேட்பதற்குத் தனி ஆண்டெனா என்பது நம் பொழுதுபோக்கோடு பிறந்த யோசனை.

தனி ஆண்டெனா வைத்தால் ஒரு ஜாக்கிரதை. பக்கத்து டைபோலில் 100 வாட் அனுப்பும்போது லூப்பின் ஆம்ப்ளிஃபயரோ ரிசீவரின் முன்பகுதியோ கருகிப்போகலாம். மைக்கை அழுத்தும்போது லூப்பைத் துண்டிக்கும் ரிலே கட்டாயம். இன்னொன்று, மூன்று முள் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் குறைகிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. ஐப்பசி கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

தாம்பரத்துக்காரர் வீட்டுக்கு இந்த வருஷம் மறுபடி போனேன். சூர்யா கர் என்ற வீட்டுக்கூரை சோலார் திட்டம் வந்த பிறகு அந்தத் தெருவில் சோலார் பலகை பெருகிவிட்டது, மேற்கே அடுத்த வீட்டு இன்வெர்ட்டர் காலை எட்டு மணிக்கு விழித்ததும் இவருடைய நாற்பது மீட்டர் மூடிக்கொள்கிறது. பலகையிலிருந்து இறங்கும் நீண்ட டிசி வயர்களே அதற்கு ஆண்டெனா. மாடி நடுவில் லூப்பை ஒரு பிவிசி குழாயில் நிறுத்தி, அவரை ஹெட்போனோடு உட்காரவைத்து, நான் கையால் மெதுவாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் உறுமல் கரைந்து, அதன் அடியிலிருந்து யாரோ கோயம்புத்தூரில் மழை பெய்வதாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. "அங்கேயே நிறுத்துங்கண்ணா" என்று கத்தினார். சாயங்காலம் இன்வெர்ட்டர் அடங்கியதும் வேறு திசையில் தெருவிளக்கு ஒன்று தொல்லை தந்தது, அதற்கும் இடம் பிடித்தோம். மாடித் தரையில் பெயிண்டால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன், மஞ்சள் பகலுக்கு, வெள்ளை இரவுக்கு.