குளத்தில் பாசியா? மருந்தை எடுக்கும் முன் தீனி டப்பாவைப் பாருங்கள்

தோட்டக் குளம் பராமரிப்பதுதான் என் வேலை. "தண்ணி பச்சையாயிடுச்சு, என்ன மருந்து ஊத்தலாம்?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, மீனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுகிறீர்கள் என்று.

மீன் தின்றது போக மிஞ்சிய தீனி, மீன் கழிவு, விழுந்து அழுகும் இலை, மழையில் செடிப்பக்கமிருந்து வழிந்து வரும் உரம், எல்லாம் சேர்ந்து நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் கரைகிறது. மேலே வெயிலும் அடித்தால் பாசி வளராமல் என்ன செய்யும்?

ஒரு வீட்டில் நூல்பாசி மண்டிய குளத்தில் ஒரே நாளில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் விடிகாலை நான் போனபோது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அடியில் கைவிட்டால் கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இரவில் ஒளிச்சேர்க்கையும் இல்லாததால் விடிகிற நேரத்தில்தான் அது மிகவும் குறைவாக இருக்கும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த மருந்தென்றால் நத்தைகளும் சேர்ந்து சாகும். அன்றைக்கு ஏர் பம்பு வைத்துப் பாதி மீனைத்தான் காப்பாற்ற முடிந்தது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். நூல்பாசியை ஒரு சொரசொரப்பான குச்சியில் சுற்றி இழுங்கள், ஒரே நாளில் மொத்தத்தையும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். எடுத்ததைக் கரையோரமாக ஓர் இரவு விட்டால் அதிலிருக்கும் தும்பிப் புழுக்கள் தண்ணீருக்குத் திரும்பிவிடும், அப்புறம் உரக்குழியில் போடலாம். தண்ணீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலை மூடினால் வெயில் தானாகக் குறையும். புற ஊதா விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்கும், நூல்பாசியை ஒன்றும் செய்யாது. குளத்தை முழுக்க இறைத்துக் கழுவுவதும் வீண், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடும்.

வெங்காயத்தாமரை வளர்ப்பவர்கள் வாரம் தவறாமல் அள்ளுங்கள். இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக்கூடியது அது. அள்ளியதை எந்தக் காரணத்துக்காகவும் ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள்.

சுவரில் மெல்லிசாகப் படிந்திருக்கும் பச்சையைத் தேய்க்க வேண்டாம், நத்தைக்கும் தலைப்பிரட்டைக்கும் அதுதான் சாப்பாடு.