இறுகியது பாறை, வாயு அல்ல

'இறுக்கமான வாயு'. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளின் வெளிநாட்டுச் செய்திகளில் இது மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. 'டைட் காஸ்' (tight gas), அதாவது இறுகிய பாறைக்குள் அகப்பட்ட இயற்கை வாயு, என்பதற்குத் தமிழாம். முழுப் பிழை.

'காஸ்' 17ஆம் நூற்றாண்டில் இரசாயனவியலாளர் வன் ஹெல்மொன்ட், கிரேக்கத்தின் 'கேயாஸ்' சொல்லை வைத்து ஆக்கியது. 'டைட்' என்பது கிணறு துளைப்போரின் பேச்சு: உள்ளிருப்பதை வெளியே விடாத பாறை. ஆக, இறுக்கம் பாறைக்குரியது. அதில் அகப்பட்டிருப்பது பெரும்பாலும் சாதாரண மெதேன்தான்.

'இறுக்கமான வாயு' என்றால் வாசகர் என்ன நினைப்பார்? அமுக்கி அடைத்த வாயு என்றுதானே! கெரவலப்பிட்டி மின்நிலையச் செய்திகளில் 'திரவ இயற்கை வாயு'வைப் படித்துப் பழகியவர், இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். 'அடர் வாயு' என்று எழுதுபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். வாயுவுக்கே இல்லாத குணத்தை ஏற்றுகிறது.

நடப்பது வேறு. ஆழத்தில் புதைந்த மணற்கல்லில் மணிகள் நெருங்கி, இடுக்குகளில் படிகச் சீமெந்து படிந்துவிடும். துளைகள் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி இராது. பாறை தன்னூடாக வாயுவையோ நீரையோ போகவிடும் அளவே ஊடுபுகவிடுமியல்பு; அதை அளக்கும் அலகு மில்லிடார்சி. 0.1 மில்லிடார்சிக்குக் கீழே என்பது வழக்கமான எல்லை. கிணறு தோண்டினாலும் வாயு போதியளவு வராது; நீரை உயரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து, பிளவு மூடாதபடி மணல் திணிக்க வேண்டும். தேடுவோருக்கும் இது தலைகீழ் உலகம்: வழக்கமான களத்தில் வாயு மேலே, நீர் கீழே. கனடாவின் அல்பேர்ட்டாவில் 1976இல் கண்ட எல்ம்வேர்த் களத்தில் வாயு கீழே, நீர் மேலே. இறுக்கத்தை வாயுவின் தலையில் கட்டிவிட்டால், பாறையை ஏன் பிளக்கிறார்கள் என்பதே விளங்காது. 'நுண்துளையற்ற பாறை' என்பதும் தவறு: துளையே இல்லையென்றால் வாயு எங்கே இருக்கும்?

என் பரிந்துரை 'இறுகுபாறை வாயு'. வினைத்தொகை; சுருக்கம், குழப்பமில்லை. தனித்தமிழ் நண்பர்கள் 'வளி' என்பார்கள். வளிமண்டலத்தைப் பள்ளியில் படித்த நமக்கு வளி என்றால் காற்று. எரிபொருளுக்கு 'எரிவாயு' போதும். களிப்பாறை வாயுவையும் ('ஷேல் காஸ்') இதற்குள் தள்ளாதீர்கள். அது தான் உருவான பாறையிலேயே தங்கிவிட்டது. இது வேறிடத்தில் பிறந்து மணற்கல்லுக்குள் வந்து சேர்ந்தது.

மன்னார்ப் படுகையில் 2011இல் கண்டறிந்த வாயுவுக்கும் ஒருவர் இந்த அடைமொழியைச் சூட்டியிருக்கிறார். ஆழ்கடலுக்கு அடியில் கிடைத்தது என்பதற்காக ஒரு பாறை இறுகுபாறை ஆகிவிடாது. அளக்க வேண்டியது கடலின் ஆழத்தை அல்ல, பாறையின் ஊடுபுகவிடுமியல்பை.