பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு அதிர்ச்சி ஏன் ஆறுவதில்லை?

1981 ஜூலை 23. மும்பையில் பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டும் கேன்வாஸும் போட்டுக் குடியிருந்த ஒரு சேலத்துக்காரரின் குடிசையை மாநகராட்சி இடித்தது. ஊரில் வறட்சியால் கூலி வேலை இல்லாமல் போய், 1961-ல் பிழைக்க வந்தவர் அவர். குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றி விட்டார்கள். மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி பிளாட்பாரத்தில் குடியேறினார். நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-ல் தந்த தீர்ப்பில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதன்பிறகு அவர் எப்படித் தூங்கினார் என்பது மட்டும் எங்கும் பதிவாகவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தூக்கத்தைப் பற்றியது.

2011 கணக்கெடுப்பின்படி மும்பையில் வீடற்றவர்கள் 57 ஆயிரத்துக்கும் மேல். சயான் மேம்பாலத்தடியில் ராத்திரி பதினொரு மணிக்குமேல் பாருங்கள். செருப்பைத் துண்டில் சுற்றித் தலைக்கடியில் வைத்திருப்பார்கள். பையின் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். முதுகு தூணோடு ஒட்டியிருக்கும். லாரி பிரேக் சத்தம் கேட்டால் கண் திறப்பதற்கு முன்பே கை பையை இறுக்கிவிடும்.

அந்தக் கையை இறுக்க வைப்பதில் முக்கியப் பங்கு, மூளையில் பாதாம்பருப்பு அளவே உள்ள அமிக்டலாவுக்கு. அடி, விபத்து, பாலியல் வன்முறை, வீடு இடிபடுவது என்று பேரச்சம் தரும் எதுவும் நடக்கும்போது நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் பெருகி, அந்தக் காட்சியும் சத்தமும் வாடையும் நினைவில் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன. பிறகு அதே மாதிரி ஒரு சத்தம் போதும், உடம்பு பழைய நாளுக்கே போய்விடும். இது மாதக்கணக்கில் நீடித்து, கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒதுங்கிப்போவதுமாகத் தொடர்ந்தால் மருத்துவர்கள் அதை பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே ஆறுகிறது. ஆறுவது என்றால் பழைய பயம் அழிந்துபோவதல்ல. ‘இப்போது ஆபத்து இல்லை’ என்ற புதுப் பாடத்தை மூளை கற்றுக்கொள்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி அந்தப் பாடத்தை வைத்து அமிக்டலாவை அடக்குகிறது. ‘இந்த இடம் வேறு’ என்று அடையாளம் காட்டுவது, நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் வேலை. கற்ற பாடம் நிலைப்பதற்குத் தூக்கம், குறிப்பாகக் கனவு வரும் கட்டம், பெரிதும் உதவுகிறது.

ஆபத்து இல்லை என்ற பாடம், வேறு இடம், நல்ல தூக்கம். பிளாட்பாரத்தில் இந்த மூன்றில் எது கிடைக்கும்? இடம் மாறவில்லை, ஆபத்தும் தீரவில்லை. போலீஸ் தடியோ திருடனோ குடிகாரனோ இன்று ராத்திரியும் வரலாம். ஆபத்து இல்லை என்று மூளை கற்றுக்கொண்டால் அது தப்பான பாடமாகிவிடும். அதனால் அங்கே படுப்பவரின் விழிப்பை வெறும் நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரை உயிரோடு வைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அதே விழிப்புதான் அவரை ஆற விடாமலும் தடுக்கிறது. குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மது கனவுத் தூக்கத்தை முன்னிரவில் அமுக்கிவிடும். போதை இறங்கும் பின்னிரவில் கெட்ட கனவுகளோடு விழிக்க வைக்கும்.

அப்புறம் மனச்சோர்வு. பணக்கார நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான கணக்கின்படி, வீடற்றவர்களில் எட்டில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. இதற்கும் ஒரு பாதை தெரிகிறது. தவிர்க்கவே முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்பிக்க வழி கிடைத்தும் அசையாமல் கிடந்ததை 1967-ல் அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் காட்டினார்கள். நாய்கள் கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2016-ல் அவர்களே அதைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பு. ‘நான் செய்தால் மாறும்’ என்பதைத்தான் முன்மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். எங்கே படுப்பது, எப்போது எழுந்து நகர்வது, சாமான் நாளைக்கும் இருக்குமா என்பதில் எதுவும் தன் கையில் இல்லாதவர் அதை எங்கே கற்பார்? அவரைப் பார்த்து ‘சோம்பேறி’ என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஆறாத கோபம் தருகிறது.

அப்படியானால் வீடு கொடுத்தால் போதுமா? நியூயார்க்கில் 1992-ல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முறையில் குடியை விடு, மாத்திரை சாப்பிடு என்று நிபந்தனை போடாமல் வீடற்றவர்களுக்கு முதலில் வீட்டுச் சாவி கொடுத்தார்கள். அதையே கனடா 5 நகரங்களில், மனநோயுள்ள சுமார் 2,000 வீடற்றவர்களிடம் சோதித்தது. வீட்டில் நிலைத்திருப்பதில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. நோய் அறிகுறிகளோ வீடு பெற்றவர்கள், பெறாதவர்கள் இருவருக்குமே கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்தன. சரி, கதவு மட்டும் மருந்தாகாது. ஆனால் உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு இல்லாதவருக்குக் கொடுக்கும் மாத்திரையும் ஆலோசனையும் எத்தனை ராத்திரி தாங்கும்?

நம் சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநல மையங்களில் வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம். வறுமைக் கோட்டு அட்டை இல்லை என்று சொல்லி மறுக்க முடியாது. தாராவி, மாட்டுங்கா பக்கம் ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போகிறவர்கள் இதை அங்கே படுத்திருப்பவர்களிடம் சொல்லலாம். படுத்திருப்பவரைத் தொட்டு உலுக்காதீர்கள். முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். காலடிப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, ‘அண்ணே, சாப்பாடு கொண்டாந்திருக்கேன்’ என்று மெதுவாகக் குரல் கொடுங்கள். அவர் எழுந்து உட்கார்ந்து பேச விரும்பினால், அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-ஐ உங்கள் போனிலேயே போட்டுக் கொடுக்கலாம். அதில் தமிழிலும் பேசுவார்கள்.