பழைய நீதிமன்றச் சுவரில் சிமெண்ட் பூசும் முன்

பழைய நீதிமன்றம் ஒன்றைப் புதுப்பிக்கக் கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது ஆவண அறைச் சாவியைத்தான். தூண்களையும் சாட்சிக் கூண்டையும் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். கட்டடத்தின் நோய் அந்த அறையில்தான் முதலில் தெரியும்.

ஒருமுறை அப்படி ஓர் அறையில், சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்த வழக்குக் கட்டுகளை நகர்த்தினோம். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம். அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முன்பு யாரோ நல்ல எண்ணத்தில் சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பாகப் பெயிண்டும் அடித்திருந்தார்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் டொக் டொக்கென்று பொள்ளல் சத்தம். ஒரு துண்டைப் பெயர்த்தேன். பூச்சு முழுசாகக் கையோடு வந்தது. அதன் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே செங்கல் மாவாகியிருந்தது.

காரணம் எளியது. போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். அது பரவலாகப் புழக்கத்துக்கு வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய செங்கல் சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான் இருக்கும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அந்தக் காரை வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்தே உதிர்க்கிறது.

'சுண்ணாம்பில் வலுவில்லையே சார்' என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள். செங்கல்லைவிடக் காரை மென்மையாக இருப்பதுதான் நமக்கு வேண்டும். தேய்ந்த காரையைச் சுரண்டி மறுபடி நிரப்பலாம். செங்கல் போனால் சுவரே போச்சு.

இன்னொரு சிக்கல் காகிதத்தின் எடை. 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று ஏறத்தாழ 2.5 கிலோ, 5 சென்டிமீட்டர் கனம். நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டர் தட்டுக்கு 50 கிலோ. ஆறு தட்டு அலமாரி என்றால் 300 கிலோ. மாடியில் மரத் தளத்தின் மேல் இப்படி வரிசையாக நிறுத்தியதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தளத்தைப் பழுது பார்க்கும் முன் பாரத்தை இறக்கச் சொல்வேன்.

மரவேலை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது, பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். நீதிபதி மேடையில் ஒரு செதுக்கல் காணாமல் போயிருந்து, பழைய படமும் இல்லையென்றால், வெறும் பலகையே போதும்.

சரி, அந்த ஆவண அறைக்கு வருவோம். சிமெண்டை உரித்தோம், வெளியே அடைபட்டிருந்த மழைநீர்க் குழாயைச் சரிசெய்தோம். அப்புறம் மாதக்கணக்கில் சுவரைக் காயவிட்டோம். திறப்பு விழாத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். ஈரமானி எண் இறங்கிய பிறகே சுண்ணாம்பு பூசினோம். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம்.