எல்லைப்புறத் தொழிற்கூடங்களில் மில்லினியல் தலைமுறை எதிர்பார்ப்பது என்ன?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வாளையாருக்கு இருபுறமும் உள்ள தொழிற்கூடங்களில் மனிதவள ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு, நிர்வாகத்தினருடன் பேச உட்காரும்போதெல்லாம் முதலில் காதில் விழும் குறை, "இந்தக் காலத்துப் பசங்க ஒரு இடத்துல நிலையா நிக்க மாட்டேங்கறாங்க" என்பதுதான். கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வார்ப்படத் தொழிற்சாலை நடத்துபவரும் இதைச் சொல்கிறார், தமிழ்நாட்டில் க.க.சாவடிப் பக்கம் இயந்திர உதிரிபாகம் செய்பவரும் இதையே சொல்கிறார். அவர்கள் 'பசங்க' என்று குறிப்பிடுவோரின் கோப்புகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலோர் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள், அதாவது மில்லினியல் தலைமுறை என்று அழைக்கப்படுபவர்கள். இவர்களில் மூத்தவர்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இளையவர்களும் திருமணம், குழந்தை, வீட்டுக்கடன் என்று குடும்பப் பொறுப்புக்குள் வந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயது இளைஞனுக்கென்று வகுத்த விதிகளை வைத்துக்கொண்டு இவர்களை அளப்பதால்தான், இவர்கள் கேட்பது என்ன என்பது நிர்வாகங்களுக்குப் பிடிபடாமல் போகிறது என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தலைமுறை வேலைக்கு வந்த காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். இவர்களின் பெற்றோர் தலைமுறையில் அரசு வேலை என்றால் ஓய்வூதியம் உண்டு என்பது எழுதப்பட்ட உறுதியாக இருந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், ஊழியரும் அரசும் பங்கு செலுத்திச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதலும், கேரளம் 2013 ஏப்ரல் 1 முதலும் அதே வழிக்கு வந்தன. தனியார் துறையில் இருந்தவர்களோ 2008-இன் உலகப் பொருளாதார மந்தம், 2016-இன் பணமதிப்பிழப்பு, 2020-இன் ஊரடங்கு என்று ஒவ்வொன்றிலும் பக்கத்து மேசைக்காரர் வேலை இழந்து வீடு திரும்புவதைக் கண்ணால் பார்த்தவர்கள். "கம்பெனி நம்மைப் பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் காலத்தைக் கழிக்க இவர்களால் முடியாது. வாய்வார்த்தையாகச் சொல்வதைக் காகிதத்தில் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். இதை விசுவாசக் குறைவு என்று சொல்வது நியாயமல்ல.

சம்பளம் இவர்களுக்கு முக்கியமில்லை, மனநிறைவுதான் முக்கியம் என்று சில பயிற்சி வகுப்புகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இல்லை. மாதத் தவணை கட்டுகிறவர்களுக்குச் சம்பளம் முக்கியம்தான். ஆனால் சம்பளம் ஓரளவு சரியாக அமைந்த பிறகும் ஆட்கள் விலகும்போது, காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த தர மேற்பார்வையாளர் ஒருவரின் விலகல் நேர்காணலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முப்பத்தாறு வயது, தொழிலில் கெட்டிக்காரர். மாதம் மூவாயிரம் ரூபாய் குறைவாகத் தரும் வேறொரு நிறுவனத்துக்குப் போகிறார் என்றதும் நிர்வாகம் குழம்பிப்போய் என்னைப் பேசச் சொன்னது. அவருடைய தந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள் கோவையில் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அந்த நிறுவனத்திலோ அடுத்த வாரத்து ஷிப்ட் பட்டியல் சனிக்கிழமை இரவுதான் வாட்ஸ்அப் குழுவில் வரும். சில வாரங்களில் ஞாயிறு மாலையில் அதுவும் மாறும். "எனக்கு எந்த ஷிப்ட் போட்டாலும் சரிதான் மேடம். அடுத்த மாசம் என்ன ஷிப்ட்டுன்னு இந்த மாசமே சொல்லிட்டாப் போதும்னுதான் கேட்டேன்" என்றார். ஒவ்வொரு முறை கேட்டபோதும் "பார்க்கலாம்" என்ற பதிலே வந்திருக்கிறது. புதிய இடத்தில் மாதம் முழுவதற்குமான பட்டியலை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள் என்பதற்காகவே மூவாயிரம் ரூபாயை விட்டுக்கொடுக்க அவர் துணிந்தார்.

அதே உரையாடலில் வெளிவந்த இன்னொரு செய்தி அதைவிடக் கவனிக்கத்தக்கது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தவரை அவர் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தார், அவரைச் சார்ந்திருந்த தந்தைக்கும் அதில் சிகிச்சை கிடைத்தது. பதவி உயர்வும் இன்கிரிமென்ட்டும் சேர்ந்து வந்ததில் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியது, நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுபோனது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம் இருந்தது. சம்பள உயர்வு என்று கைகுலுக்கிக் கொடுத்த கடிதம், அந்தக் குடும்பத்தின் பெரிய மருத்துவப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டதை நிறுவனத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. இந்த வரம்பு 2017 ஜனவரி முதல் அப்படியே இருப்பதால், அனுபவம் ஏறிய தொழிலாளர்கள் ஆண்டுதோறும் அதைக் கடந்து வெளியே வருகிறார்கள். அப்படிக் கடக்கப்போகிறவருக்கு இன்கிரிமென்ட் கடிதம் கொடுக்கும்போதே பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளும் காப்பீடு ஒன்றுக்கு நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்பாடு செய்ய இயலாவிட்டால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லவாவது வேண்டும். வேலையில் இருப்பவர்களும் தங்கள் சம்பளம் அந்த எல்லையை நெருங்கும்போது இதைத் தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர்கள் கேட்கும் தெளிவு, வேலைக்கு எடுக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொன்னால், கேட்பவர் மாதம் 40,000 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு வீட்டில் சொல்லிவிடுவார். அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொண்டால், அந்த நாற்பதாயிரத்துக்குள்ளேயே நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதியாக 1,800 ரூபாயும், பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடாக ஏறத்தாழ 962 ரூபாயும், ஆண்டு முடிவில் செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் பத்து சதவீதமாக 4,000 ரூபாயும் அடங்கியிருக்கும். மிஞ்சிய தொகையில் தொழிலாளியின் பங்காக இன்னொரு 1,800 ரூபாய் வைப்பு நிதிக்குப் போய்விட்டால், கைக்கு வருவது 31,500 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. தொழில்வரி, உணவு, பேருந்துப் பிடித்தங்கள் இதற்கு மேல். இதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை. ஆனால் முதல் சம்பளச் சீட்டைப் பார்க்கும் நாளில் ஏமாற்றப்பட்டதாக ஒருவர் நினைத்துவிட்டால், அதன் பிறகு நிர்வாகம் சொல்லும் எதையும் அவர் எளிதில் நம்பமாட்டார். நேர்காணலிலேயே ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லி நிறுவனங்களிடம் நான் வலியுறுத்துகிறேன். எழுதிக் காட்டத் தயங்கும் நிறுவனத்தில் சேரும் முன் நன்றாக யோசிக்கும்படி வேலை தேடுகிறவர்களிடமும் சொல்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எழுத்தில் தெளிவு வேண்டும் என்ற இந்த எதிர்பார்ப்புக்குப் பெரிதும் துணை நிற்கின்றன. பணி நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் தரப்பட வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு, ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டுப் பணியிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. வேலையை விட்டு விலகுகிறவருக்குச் சேரவேண்டிய ஊதிய நிலுவையை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். இந்த உரிமைகளை நிறுவனத்தார் தாமாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நியமனக் கடிதத்தில் உங்கள் பணியின் வகை என்னவென்று குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள்.

வைப்பு நிதி குறித்து இந்தத் தலைமுறையிடமே நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வேலை மாறும்போதெல்லாம் பழைய கணக்கில் உள்ள பணத்தை எடுத்துச் செலவழித்துவிடும் பழக்கம் பலரிடம் காணப்படுகிறது. வைப்பு நிதியோடு இணைந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டு உறுப்பினர் சேவை வேண்டும். ஓய்வூதியத் தொகையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவை கணக்கிலிருந்து போய்விடும், புதிய இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பணத்தை எடுக்காமல் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையில் உள்ள பெயரும் வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட வேறுபடாமல் இருக்க வேண்டும். எல்லைப்புறத்தில் இது அடிக்கடி வரும் சிக்கல். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், பாலக்காட்டில் எடுத்த ஆவணத்தில் வீட்டுப்பெயரோடு பின்னால் இருக்கும். அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் இது தெரியவரும். வேலையில் இருக்கும்போதே நிறுவனத்தின் மூலம் திருத்திக்கொள்வது எளிது.

மரியாதை பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விலகல் நேர்காணல்களில் இது சம்பளத்துக்கு இணையாக அடிபடுகிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது என்றிருந்த துணிக்கடை நடைமுறையை எதிர்த்துக் கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் நெடுநாள் போராடினார்கள். 2018-இல் கேரளம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைத் தந்தது. 2021-இல் தமிழ்நாடும் அதைத் தந்தது. ஒரு ஸ்டூல் கேட்டதற்குப் பின்னால், தன்னை ஒரு மனுஷியாக நடத்தும்படி கேட்கும் குரல் இருந்தது. தொழிற்கூடத்தில் அந்தக் குரல் வேறு வடிவங்களில் வருகிறது: எல்லார் முன்னிலையிலும் திட்டாதீர்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நாளைய உற்பத்திக் கணக்கைக் கேட்காதீர்கள், விடுப்புக் கேட்டால் காரணத்தைத் துருவாதீர்கள். வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017-லேயே சட்டத்தில் சேர்த்தது. நம் நாடாளுமன்றத்தில் அது தனிநபர் மசோதாவாக வந்ததோடு நிற்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல், இரவில் எந்த அளவுக்கு அவசரமானால் அழைக்கலாம், யாரை அழைக்கலாம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள் ஒரு வரையறை செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

பெண்களைப் பொறுத்தவரை, மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் இப்போது மறுப்பதில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற பகுதியைத்தான் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணின் மேசையில் வேறொருவர் அமர்ந்திருப்பதும், "இப்போதைக்கு இதைப் பாருங்க" என்று சில்லறை வேலை தரப்படுவதும் அவரை வெளியேற்றும் வழிகளே. வேலந்தாவளத்திலிருந்தும் கோபாலபுரத்திலிருந்தும் வரும் பெண்களுக்கு மாலைப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது பதவி உயர்வைவிடப் பெரிய கேள்வி. கூட்டங்களை ஐந்தரை மணிக்கு வைக்கும் நிறுவனத்தில் அவர்களால் தலைமைப் பொறுப்புக்கு வர இயலாது.

கற்றுக்கொள்ளும் ஆசையும் இவர்களிடம் நிறைய உண்டு. ஐ.டி.ஐ. முடித்து இயந்திரம் ஓட்டத் தொடங்கியவர் அந்த இயந்திரத்துக்கான கணினிப் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும்படி கேட்டால், கற்றதும் போய்விடுவார் என்ற அச்சத்தில் மறுக்கிறார்கள். நான் கண்டவரையில் கற்றுத்தந்ததால் போனவர்களைவிடக் கற்றுத்தராததால் போனவர்களே அதிகம்.

வேலை தேடும் நிலையில் உள்ளவர்கள் நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்கப்படும்போது தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டாம். ஷிப்ட் பட்டியல் எத்தனை நாள் முன்னதாக வரும், மிகைநேர வேலைக்கு இரட்டை ஊதியம் சம்பளச் சீட்டிலேயே காட்டப்படுகிறதா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள், காப்பீட்டில் பெற்றோருக்கு இடம் உண்டா, இ.எஸ்.ஐ. இருந்தால் வீடு இருக்கும் மாநிலத்திலேயே மருந்தகத்தைத் தெரிவுசெய்து தருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறைப் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பாலக்காடு உள்ளிட்ட எல்லையோர மாவட்டங்களுக்குக் கேரள அரசு பொங்கலன்று உள்ளூர் விடுமுறை அறிவிப்பதுண்டு. ஓணத்துக்குக் கோவையிலும் அவ்வாறே அறிவிக்கப்படுவதுண்டு. ஆனால் தனியார் தொழிற்சாலைகள் தங்கள் நிலையான விடுமுறைகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்வதால், அந்தப் பட்டியலில் பொங்கல் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான பட்டியல் தயாராகும்போது சக தொழிலாளர்களுடன் சேர்ந்து எழுத்து மூலம் கேளுங்கள்.