தோலுக்கு அடியில் வழுக்கும் படலம்

ஆடு உரிப்பவருக்குக் கத்தி தேவைப்படுவது தொடக்கத்தில் மட்டும்தான். பின்னங்காலில் ஒரு கீறல் போட்டுத் தோல் கொஞ்சம் விலகியதும், கத்தியை வைத்துவிட்டுக் கைமுட்டியை உள்ளே விட்டுத் தள்ளுவார். தோல் அவ்வளவு சிரமமில்லாமல் கழன்று வரும். கொழும்பில் பெருநாள் காலத்தில் இறைச்சி வெட்டுகிற இடத்தில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. அடுத்த முறை தோலுக்கும் தசைக்கும் நடுவே உற்றுப் பாருங்கள். நனைந்த பஞ்சைப் பிரித்தாற்போல வெள்ளை இழைகள் இழுபடும்; காற்றுப் புகுந்த இடங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். உடலை வெட்டிப் படிப்பவர்கள் நெடுங்காலம் இதைச் சுரண்டி ஒதுக்கிவிட்டுத்தான் தசையைப் பார்த்தார்கள். பாலூட்டியின் தோல் அங்குமிங்கும் அசைவதற்குக் காரணமே இதுதான்.

உயிரியல் பாடத்தில் இந்தப் படலத்தைத் தளர் தொடுப்பிழையம் என்று படித்திருப்போம். இதில் முக்கியமாக இரண்டு வகை நார்கள். கொலாஜன் நார் அதிகம் நீளாது. ஆனால் இழுவை இல்லாதபோது அலையலையாக வளைந்து கிடக்கும். தோலை இழுத்தால் முதலில் அந்த வளைவுகள் நிமிரும், நார்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து இழுக்கும் பக்கமாகத் திரும்பும். அதுவரை தோல் லேசாக வரும். நார்கள் நிமிர்ந்து முடிந்ததும் சட்டென்று இறுகிவிடும். கையை விட்டால் தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர உதவுவது எலாஸ்டின் நார். இந்தப் படலத்தைக் கடந்து தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும்கூட நேராக ஓடுவதில்லை. நெளிந்து, கொஞ்சம் மிச்ச நீளத்தோடு போகின்றன. அதனால்தான் தோல் நகரும்போது அவை அறுந்துபோவதில்லை.

நார்களுக்கு இடையில் இருக்கும் வழுவழுப்பான பொருள் ஹயலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று கொழும்பு அழகுசாதனக் கடைகளில் சீரமாக விற்கும் அதே பொருள்தான். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது. நீரை ஏராளமாகப் பிடித்துவைத்து, நார்கள் உரசாமல் சறுக்க வழிசெய்கிறது. நாகம், கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷத்தில் இதைக் கரைக்கும் ஒரு நொதியம் உண்டு. கடித்த இடத்திலிருந்து விஷம் பரவ அது வழி திறந்துவிடுகிறது.

சிறுநீரக நோயுள்ள பூனையை வெள்ளவத்தையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால், இந்தப் படலத்தின் விரிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியைச் செருகி, 100 மில்லிலீற்றர் அளவு சேலைனை விடுவார். முதுகில் ஒரு திமில் எழும். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வீக்கம் சரிந்து முன்னங்கால் பக்கம் இறங்கியிருக்கும். பார்க்கிறவர்கள் பயந்துவிடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. நீர் படலத்தின் ஊடாகக் கீழ்நோக்கி நகர்ந்திருக்கிறது. மெல்ல மெல்ல உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

மாட்டின் விலாவில் ஈ குந்தினால் அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று துடிக்கும். தோலோடு ஒட்டிய மெல்லிய தசைத் தகடு ஒன்று, இந்தத் தளர்ந்த படலத்தின்மேல் நின்று தோலை இழுக்கிறது. மனிதரில் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. கழுத்தின் முன்பக்கத் தசை அதன் மிச்சங்களில் ஒன்று.

எல்லா இடத்திலும் தோல் வழுக்கினால் நாம் பிழைக்க முடியாது. 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலில் நின்று கம்பியைப் பிடிக்கும்போது, உள்ளங்கைத் தோல் புறங்கைத் தோலைப் போல நகர்ந்தால் பிரேக் பிடித்ததும் விழவேண்டியதுதான். உள்ளங்கையில் வலுவான நார்கள் செங்குத்தாக இறங்கித் தோலை அடியிலுள்ள தடித்த சவ்வோடு கட்டிப்போட்டிருக்கின்றன. இடையில் கொழுப்பு சிறுசிறு அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. குதிகாலிலும் இதே ஏற்பாடுதான்.

தலையில் கதை வேறு. மேலே மூன்று அடுக்குகள் ஒன்றாக இறுகி, அவற்றின் அடியிலுள்ள தளர்ந்த படலத்தின்மேல் மொத்தமாக நகர்கின்றன. நெற்றிக்கு மேலே அடிபட்டவருக்கு ஓரிரு நாளில் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போவது இதனால்தான். அந்தப் படலத்துக்குள் கசிந்த இரத்தம் தடையில்லாமல் இமைவரை இறங்கிவிடுகிறது.

சத்திர சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குத் தழும்பு உள்ளிழுத்துக் குழிந்து நிற்பதும் இதே படலத்தின் பிரச்சினைதான். காயம் ஆறும்போது உடல் அடுக்கடுக்காகப் பிரித்துத் தைப்பதில்லை. தோல் தொடங்கித் தசைவரை ஒரே கொலாஜன் கட்டியாக நிரப்பிவிடும். சறுக்கவேண்டிய இடம் ஒட்டிப்போய், கையைத் தூக்கினாலோ குனிந்தாலோ சுள்ளென்று இழுக்கும். காயம் முழுவதும் மூடியபின் பிஸியோதெரபிஸ்ட் தழும்பைச் சுற்றியுள்ள தோலைப் பல திசைகளிலும் மெதுவாக நகர்த்தப் பழக்குவது, இறுகிய அந்த இடத்தை மறுபடியும் அசையவைக்கத்தான்.